மாமா முகத்தில் ஏறிய கண்ணாடி

போன வாரம் மகனுடைய காரை எடுத்துக்கொண்டு ஒத்தக்கடைப் பக்கம் போயிருந்தேன். திரும்பி வரும்போது என் பக்கத்துக் கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுபோனது. பொத்தானை அமுக்கினால் கதவுக்குள் 'கடக் கடக்' என்று சத்தம் மட்டும் வருகிறது, கண்ணாடி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. வழியில் இருந்த ஒர்க் ஷாப் ஒன்றில் வண்டியை விட்டேன். காதில் ஒரு கருவியை மாட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்த ஒரு தம்பி, பேச்சை நிறுத்தாமலே நாலு ஸ்குரூவைக் கழற்றி, கதவின் உள்பக்க அட்டையைப் பட்டென்று பிடுங்கினான்.

"அசெம்பிளியோட மாத்திரணும் சார். மோட்டாரு, ரெகுலேட்டரு எல்லாம் ஒரே செட்டாத்தான் வரும்."

"மோட்டார மட்டும் கழட்டி என்னன்னு பாக்க முடியாதா தம்பி?"

"அதெல்லாம் இப்ப யாரு சார் பாக்குறா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, காதில் இருந்தவரிடம், "ஒண்ணுமில்லண்ணே, ஒரு பெருசு" என்றான்.

கோபம் வந்திருக்கும். அதற்குள் திறந்த கதவிலிருந்து அந்த வாசனை வந்துவிட்டது. பழைய கிரீஸ், மழையில் ஊறிக் காய்ந்த ரப்பர், உள்ளே படிந்த தெருப் புழுதி எல்லாம் கலந்த வாசனை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காராக இருந்தாலும் கதவுக்கு உள்ளே இந்த வாசனைதான். அது மூக்கில் ஏறியதும் எனக்கு என் கல்யாணம் ஞாபகம் வந்தது. கல்யாணம் என்றால் மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ வாசமோ பந்திச் சாம்பார் வாசமோ ஞாபகம் வரும். எனக்குக் கார்க் கதவின் உள்பக்கம். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரையில் மேலவெளி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நான் வேலை பார்த்தேன். முதலாளி ஒரு ராவுத்தர். பரம்பரையாக மதுரைக்குள் வியாபாரம் செய்த குடும்பம். கடைக்கு வருகிற டிரைவர்களுக்குப் பொருளின் பெயர் தெரியாது. உடைந்த பாகத்தைத் தினத்தாளில் பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் கையாலேயே நடித்துக் காட்டுவார்கள். "இப்டி இருக்கும்ணே, இங்கிட்டு ஒரு கொக்கி இருக்கும், மிதிச்சா கிர்ருங்கும்" என்றால் நான் பேசாமல் போய் எடுத்துவர வேண்டும். நிஜமாகவே எடுத்து வருவேன். அந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

முதலாளி கடையில் ஒரு சட்டம் வைத்திருந்தார். வந்தவரிடம் 'இல்லை' என்று மட்டும் சொல்லக் கூடாது. "இல்லைங்கிற வார்த்தை கடைக்கு ஆகாது தம்பி. 'வருது'ன்னு சொல்லு. இல்லாட்டி, 'இது இருக்கு, பாக்குறீங்களா'ன்னு வேற ஒண்ண எடுத்துக் காட்டு." நான்கு வருஷம் இதைச் சொல்லிப் பழகியதில் எனக்கு அந்த வார்த்தையே மறந்து போயிற்று. கடைக்குள் இருந்தவரை அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை.

முதலாளியிடம் ஒரு கார் இருந்தது. கொடைக்கானலில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைவிட்டுக் கிளம்பும்போது விற்றதை வாங்கியிருந்தார். கத்தரிப்பூ நிறம். நீளம் என்றால் அம்புட்டு நீளம். எங்கள் சந்தில் திரும்பாது என்பதால் வெளியே பெரிய தெருவில்தான் நிற்கும். அந்தக் காரின் விசேஷமே கண்ணாடிதான். மற்றவர்கள் காரில் எல்லாம் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்த காலத்தில், இதில் ஒரு சுவிட்சை அமுக்கினால் போதும், 'ஊம்ம்' என்று முனகிக்கொண்டு கண்ணாடி தானாக இறங்கும். முதலாளி சில நாள் வண்டியை நிறுத்தி, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு இறக்கிக் காட்டுவார். பூக்காரம்மா ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் பின்சீட்டில் இடதுபக்கத்துக் கண்ணாடியின் மோட்டார் எரிந்துபோனது. அதற்கு மாற்று இந்தியாவிலேயே கிடையாது. பம்பாய்க்கு எழுதினோம், கடுதாசிக்குப் பதிலே வரவில்லை. ஒரு கருவேலங்கட்டையைச் செதுக்கிக் கண்ணாடிக்கு அணைகொடுத்து வைத்தோம். கட்டையை உருவினால் கண்ணாடி இறங்கும், வைத்தால் நிற்கும். ஒரு குறையும் இல்லாமல் இரண்டு வருஷம் ஓடியது. இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். நாங்கள் திருமங்கலத்துக்கு மேற்கே. பெண் வீடு மேலூர்ப் பக்கம். பெயர் பஞ்சவர்ணம். பார்க்கப் போன அன்று எல்லோரும் பேச்சில் இருந்தபோது அவள் என்னைப் பார்த்து நேராகவே கேட்டாள்:

"கடைல நின்னுக்கிட்டுப் பாக்குற வேலையா, உக்காந்து பாக்குற வேலையா?"

"நின்னுக்கிட்டுத்தான்."

"அப்பச் சரி. வயிறு போடாது."

அவ்வளவுதான் பேசினோம். பஸ் திருமங்கலம் வருவதற்குள் இவளை விட்டால் எனக்கு வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. அம்மாவிடம் சொல்ல வெட்கம். 'பரவாயில்லை' என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் அந்த வீட்டில் சம்மதம் வாங்க வேண்டிய ஆள் பெண்ணோ பெண்ணின் அம்மாவோ இல்லை. பஞ்சவர்ணம் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். வளர்த்தது சித்தப்பா. பெரியகருப்பன் என்று பெயர். எனக்கு மாமா முறை. நல்ல உயரம், வெள்ளை மீசை, இஸ்திரி மடிப்புக் கலையாத துண்டு. தரகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"தம்பி, மனுசன் தங்கம். ஆனா ரோசக்காரரு. பந்தில பக்கத்து இலைக்கு முதல்ல பாயாசம் ஊத்திட்டாங்கன்னு எந்திரிச்சுப் போனவரு. இந்தப் புள்ளைக்கு முன்னாடி ஒரு எடம் முடிவாகி, பத்திரிகைல இவரு பேர ரெண்டாவதாப் போட்டாங்கன்னு வேணாம்னுட்டாரு. அவரு மொகம் கோணாமப் பாத்துக்க, அது போதும்."

பத்திரிகை அச்சடித்தபோது அவர் பெயரை முதலில் போட்டோம். எழுத்தும் ஒரு சைஸ் பெரிதாகப் போடச் சொன்னேன். எங்கள் பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு மூன்று நாள் என்னிடம் பேசவில்லை. ஒரு பக்கம் நிமிர்த்தினால் இன்னொரு பக்கம் சாயும், கல்யாணம் என்றால் அப்படித்தான்.

மாப்பிள்ளை அழைப்புக்கு என்ன வண்டி என்ற பேச்சு வந்ததும் முதலாளி, "இதென்ன கேள்வி? நம்ம வண்டிதான். நானே ஓட்டிக்கிட்டு வாரேன்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் அந்த எண்ணம் வந்தது. மாப்பிள்ளை உட்காருவது பின்சீட்டில் இடதுபக்கம். அந்தக் கண்ணாடிக்குத்தான் கட்டை. மேலூரில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மாமா சந்தனக் கிண்ணத்தோடு வரும்போது, நான் சுவிட்சை அமுக்க, கண்ணாடி 'ஊம்ம்' என்று இறங்கினால் எப்படி இருக்கும்? கட்டையை உருவி வெறுமனே திறந்துவைத்தால் அது மாட்டுவண்டி மாதிரிதானே?

முதலாளியின் வண்டிகளைப் பார்ப்பவர் வேலு அண்ணன். கடைக்கு எதிரேயே பட்டறை. அவரிடம் போய்ச் சொன்னேன்.

"மோட்டாரு எங்க இருக்கு மாப்ள?" என்று கேட்டார். யார் கேட்டாலும் 'இல்லை' என்று சொல்லிப் பழக்கமில்லாத என் வாய், "இருக்குண்ணே" என்றது. கடைக்குள் போய் அலமாரியை மேலும் கீழும் பார்த்தேன். பழைய லாரி வைப்பர் மோட்டார் ஒன்று தூசி படிந்து கிடந்தது. எடுத்துவந்து கொடுத்தேன்.

வேலு அண்ணன் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது மழைத்தண்ணியத் துடைக்கிற மோட்டாரு மாப்ள. கண்ணாடியத் தூக்குற மோட்டாரு இல்ல."

"மோட்டாருன்னா சுத்தும். சுத்துனா தூக்கும். அம்புட்டுத்தானேண்ணே?"

"இது இருவத்திநாலு வோல்ட்டு. இந்தக் காரு பன்னெண்டு. நொண்டிக்கிட்டு ஓடும்."

"மெதுவா எறங்குனாத்தாண்ணே கம்பீரம்."

அவர், "கல்யாண மாப்பிள்ளை சொல்றே. செய்வோம்" என்று கதவின் அட்டையைக் கழற்றினார். அப்போது வந்ததுதான் அந்த வாசனை. மூன்று நாள் சாயங்காலம் கடை விட்டதும் நான் அங்கேதான் கிடந்தேன். பழைய மோட்டாரின் பல்சக்கரம் இதில் பொருந்தவில்லை. வைப்பரில் குச்சியை ஆட்டுவதற்கு ஒரு கம்பி இருக்குமே, அதையே வைத்துக் கண்ணாடியைத் தாங்கும் கையோடு இணைத்துப் பற்றவைத்துவிட்டார். கரண்டையும் சாவி வழியாக இல்லாமல் நேரே பேட்டரியிலிருந்து இழுத்துவந்தார்.

"நல்லாக் கேட்டுக்க மாப்ள. இந்த மோட்டாருக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. போறது, வாறது. சுவிட்ச அமுக்கிக்கிட்டே இருந்தீன்னா கண்ணாடி மேல போயி, அதுவாவே கீழ வரும். திரும்பப் போகும். அடியில வந்ததும் கைய எடுத்துரணும். எடுத்தா நின்னுக்கும்."

நான் இருபது தடவை பழகிப் பார்த்தேன். நாலு எண்ணினால் இறங்கும், கையை எடுத்தால் நிற்கும். இன்னொரு நாலு எண்ணினால் ஏறும். சத்தமும் அருமையாக இருந்தது. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "மாஷா அல்லாஹ்" என்று வேலு அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கருவேலங்கட்டையை நானே எடுத்துத் தூர வீசினேன்.

மாப்பிள்ளை அழைப்பு நாள். வெயில் தாழ்ந்த நேரம். மேலூரில் பிள்ளையார் கோயில் முன்னால் காரை நிறுத்தியிருக்கிறோம். அங்கிருந்து கல்யாண மண்டபம் இரண்டு தெரு தள்ளி. பெண்வீட்டார் கோயிலுக்கு வந்து மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, மேளத்தோடு அழைத்துப் போக வேண்டும். மாலை விழும்வரை மாப்பிள்ளை வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. இறங்கினால் மாப்பிள்ளை வீட்டுக்கு மரியாதைக் குறைவு. என் பெரியப்பா இதை வழியெல்லாம் ஏழெட்டுத் தடவை சொல்லிக்கொண்டு வந்தார்.

நான் சுவிட்சில் விரலை வைத்துத் தயாராக இருந்தேன். நாகசுரம் கிளம்பியது. பெண்வீட்டுக் கூட்டம் வந்தது. அமுக்கினேன். 'ஊம்ம்' என்று கண்ணாடி இறங்கியது. கூட்டத்தில் ஒரு 'அடேயப்பா' எழுந்தது பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் இன்னொரு தடவைகூட அந்தத் தப்பைச் செய்வேன்.

முதலில் வந்தவை பன்னீர்ச் செம்புகள். நாலு பெண்பிள்ளைகள், ஆளுக்கொரு செம்பு. மாப்பிள்ளையைப் பார்த்த குஷியில் தெளிக்காமல் ஊற்றினார்கள். என் சட்டை நனைந்தது, மடி நனைந்தது, கதவு நனைந்தது. கதவில் இருந்த சுவிட்சும் நனைந்தது. அதற்குப் பின்னால் ஒரு கிழவி வந்து வாயில் சீனியைப் போடுகிறேன் என்று பாதியைக் கதவில் சிந்தினாள். பன்னீரும் சீனியும் சேர்ந்தால் என்னவாகும் என்று வேலு அண்ணனும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

பிறகு மாமா வந்தார். இடது கையில் சந்தனக் கிண்ணம், வலது கையில் மூன்று விரலில் குழைத்த சந்தனம். பக்கத்தில் ஒருவர் மாலையைத் தாங்கிக்கொண்டு. மாமா குனிந்து, என் கன்னத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

கண்ணாடி ஏறியது.

நான் சுவிட்சைத் தொடவே இல்லை. மாமா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கண்ணாடி உச்சியில் போய் நின்றது. எனக்கு அந்தப் பக்கம் அவர் முகம், அவருக்கு இந்தப் பக்கம் என் முகம். நாலு எண்ணும் நேரத்தில் கண்ணாடி இறங்கியது. அவர் சிரித்துக்கொண்டு மறுபடி கையை நீட்டினார். கண்ணாடி மறுபடி ஏறியது. நான் சுவிட்சைக் குத்துகிறேன், நிமிண்டுகிறேன், நகத்தால் தோண்டுகிறேன். சீனிப் பாகில் ஒட்டிக்கொண்ட சுவிட்ச் அசையவில்லை. மூன்றாவது தடவை மாமா அவசரப்பட்டு வேகமாக நீட்டினார். சந்தனம் முழுக்கக் கண்ணாடியில் அப்பிக்கொண்டது. சரியாக என் முகத்துக்கு நேரே.

கூட்டம் கொல்லென்று சிரித்துவிட்டது. சிரிக்காமல் இருந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம்.

மாமா நிமிர்ந்தார். கிண்ணத்தைத் தரையில் வைத்தார். துண்டால் கையைத் துடைத்தார். நாகசுரக்காரர் தானாகவே வாசிப்பை நிறுத்திவிட்டார்.

"மாலைய மடிச்சு வைங்கடா. மண்டபத்துக்குப் போயி புள்ளையக் கூட்டிட்டு வாங்க. வீட்டுக்குப் போவோம்."

இது பயமுறுத்தல் இல்லை என்று எனக்குத் தெரியும். முன்னால் ஒரு கல்யாணத்தை அவர் அச்சடித்த பத்திரிகையோடு நிறுத்தியிருக்கிறார். முதலாளி முன்சீட்டிலிருந்து இறங்கித் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஓடினார்.

"அண்ணே, அல்லா அறிய இது மிசினுக் கோளாறுண்ணே!"

"மிசினுக்கு எம்மேல என்னய்யா கோவம்?" என்றார் மாமா. "பன்னீரு தெளிச்ச புள்ளைகளுக்குத் தெறந்திருந்துச்சு. சீனி போட்ட கெழவிக்குத் தெறந்திருந்துச்சு. நான் வந்தா மட்டும் சாத்துதா?"

கல்யாணச் சாப்பாட்டுக்காக எங்களோடு வந்திருந்த வேலு அண்ணன் ஸ்பேனரோடு பானெட்டைப் பார்த்து ஓடினார். அங்கே ஒரு ஒயரைப் பிடுங்கினால் எல்லாம் நின்றுவிடும். மாமா அவரைப் பார்த்து ஒரு அதட்டுப் போட்டார்.

"தொடாதே! நீங்களே நிப்பாட்டிப்புட்டு மிசினும்பீங்க. அது ஓடட்டும். மிசினா மனுசனான்னு நானே பாக்குறேன். மாப்ள, எறங்குங்க."

"எறங்காதடா!" என்று காருக்குப் பின்னால் நின்ற என் பெரியப்பா கத்தினார். "மாலை விழாம எறங்குனா நாம என்ன போக்கத்தவங்களா?"

கண்ணாடி ஏறுகிறது, இறங்குகிறது. ஏறும்போது பெரியப்பா குரல் அமுங்குகிறது, இறங்கும்போது கேட்கிறது. நான் இருபத்தைந்து வயது வரை பெரியப்பா பேச்சைத் தட்டியதில்லை. இறங்கினால் எங்கள் பக்கம் கிளம்பிவிடும், இறங்காவிட்டால் அவர்கள் பக்கம் கிளம்பிவிடும். 'அப்பச் சரி, வயிறு போடாது' என்று சொன்ன முகம் ஞாபகம் வந்தது. கண்ணாடி அடுத்த தடவை இறங்கியபோது கையை வெளியே விட்டு வெளிக்கைப்பிடியைத் திறந்து, மாலை இல்லாத வெறுங்கழுத்தோடு நான் ரோட்டில் இறங்கி நின்றேன். பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

மாமா என்னைக் கவனிக்காதவர் மாதிரி உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார். சந்தனக் கிண்ணத்தைக் காட்டினார். "எடுத்து எனக்குப் பூசுங்க பாப்போம்."

கிண்ணத்தை எடுத்தேன். விரல் நிறையக் குழைத்தேன். குனிந்து நீட்டினேன். கண்ணாடி ஏறியது. கையை இழுக்கத் தாமதமாகி, விரல் நசுங்கி, 'ஐயோ' என்று கத்தினேன். கூட்டம் இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தது. கண்ணாடி இறங்கியது. மறுபடி நீட்டினேன், மறுபடி ஏறியது. மாமா, முதலாளியைக் கூப்பிட்டு நீட்டச் சொன்னார். அவருக்கும் ஏறியது. என் பெரியப்பாவை நீட்டச் சொன்னார். பெரியப்பா விறைப்பாக வந்து நீட்டினார். அவர் மூக்குக்கு நேரே ஏறியது. அதில் மாமாவுக்கு ஒரு தனித் திருப்தி.

"ஆமாய்யா" என்றார் ஊருக்குக் கேட்கிற மாதிரி. "யாரு எவருன்னு பாக்கல. பொதுவாத்தான் சாத்துது."

நான் மூச்சு விட்டேன். மாமா இறங்கவில்லை. சீட்டைக் கையால் அமுக்கிப் பார்த்தார். சாய்ந்து பார்த்தார். கண்ணாடி இறங்கியபோது வெளியே நின்ற ஒருவர் தற்செயலாக அவருக்குக் கும்பிடு போட்டார். இவர் தலையசைத்தார். கண்ணாடி ஏறியது. அந்த இடைவேளையில் மீசையை ஒதுக்கிக்கொண்டார். இறங்கியது. இன்னும் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

"மாலையக் கொண்டாங்க" என்றார். வாங்கி மடியில் வைத்துக் காத்திருந்தார். கண்ணாடி அடியில் வந்த நேரம் பார்த்து இரண்டு கையையும் வெளியே நீட்டி, ரோட்டில் நின்ற என் கழுத்தில் மாலையைப் போட்டுச் சட்டென்று கையை உள்ளே இழுத்துக்கொண்டார். கூட்டம் கைதட்டியது. "பாய், வண்டிய எடுங்க. மொள்ளப் போங்க, மாப்ள நடந்து வாராரு."

அப்படியாக, என் மாப்பிள்ளை அழைப்பில் காரில் போனது பெண்ணின் சித்தப்பா. நான் மாலையும் கழுத்துமாக நாகசுரத்துக்குப் பின்னால் நடந்தேன், பக்கத்தில் ஸ்பேனரோடு வேலு அண்ணன். மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்கு நடந்த கதை தெரியாது. காரில் வருகிறவருக்குச் சுற்று என்று சொல்லியிருந்தார்கள், சுற்றிவிட்டார்கள். தட்டிலேயே கண்ணை வைத்திருந்த ஒருத்தி நெற்றியில் பொட்டும் வைத்த பிறகுதான் மீசையைப் பார்த்து அலறினாள். மாமா பெருந்தன்மையாக இறங்கி உள்ளே போனார். எனக்கு ஆரத்தி மிச்சம் இல்லை.

பஞ்சவர்ணம் மாடி ஜன்னலிலிருந்து இதையெல்லாம் பார்த்திருக்கிறாள். மறுநாள் மணவறையில், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, உதடு அசையாமல் கேட்டாள்:

"நேத்து கல்யாணம் ஒங்களுக்கா, எங்க சித்தப்பாவுக்கா?"

கல்யாணம் முடிந்து நாலாம் நாள் அந்த மோட்டார் புகைந்து செத்துப்போனது. வேலு அண்ணன் புதிதாக ஒரு கருவேலங்கட்டை செதுக்கினார். மாமாவுக்குத்தான் வருத்தம். மேலூரிலிருந்து மதுரைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து, "அந்தக் கண்ணாடி இன்னும் சரியாகலியா?" என்று கேட்பார். நானும் பழக்கதோஷத்தில், "வருது மாமா" என்பேன்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும் மாமா ஒரு காரணம் கண்டுபிடித்துக் கோபித்துக்கொண்டு கிளம்புவார். மகனுக்கு மொட்டையடித்தபோது, வெற்றிலைத் தட்டை இடது கையால் நீட்டிவிட்டார்களாம். புதுவீட்டுக்குப் பால் காய்ச்சியபோது, செருப்பைத் தள்ளி வைத்துவிட்டார்களாம். மகள் சடங்கில், அவர் வந்தபோது யாரோ எழுந்திருக்கவில்லையாம். கூட்டிவரப் போவது எப்போதும் நான்தான். முதல் தடவை பதறியடித்து ஓடினேன். போகப் போகப் பழகிவிட்டது. ஏனென்றால் மாமா ஒருபோதும் தூரம் போனதில்லை. தெருமுனையில் இருக்கிற டீக்கடையில், வாசலைப் பார்த்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். எதிரே ஒரு கிளாஸ் டீ ஆறிக்கொண்டிருக்கும். நான் போய் நின்றதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு ஐந்து நிமிஷம் கழித்து, "இம்புட்டு நேரமாக்கும் வர்றதுக்கு?" என்பார்.

ஒருமுறை அப்படி அழைத்து வரும் வழியில் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: "அன்னைக்கு மாலை இல்லாம எறங்குனீங்க பாருங்க மாப்ள. அப்பவே எனக்கு மிசினுன்னு தெரிஞ்சுபோச்சு. ஏறி ஒக்காந்தது சும்மா ஆசைக்கு."

மாமா போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. ராவுத்தர் முதலாளி அதற்கும் முன்பே போய்விட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். கார் யாரிடம் போயிற்று என்று தெரியவில்லை.

போன ஆவணியில் மகள் கல்யாணம். மேலூர் ரோட்டில் பெரிய மண்டபம், குளிர்சாதன வசதியோடு. மாப்பிள்ளை வந்த காரின் கண்ணாடி எல்லாம் கறுப்பு. வாசலில் நிற்காமல் தரைக்குக் கீழே இருந்த பார்க்கிங்குக்குப் போய், அங்கிருந்து லிப்டில் ஏறி அறைக்குப் போய்விட்டார். பெண்ணுக்குத் தாய்மாமனாகச் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றவன் பெரியகருப்பன் மாமாவின் மகன். பெங்களூரில் பெரிய வேலையில் இருக்கிறான். பத்து நிமிஷம் நின்று பார்த்தான். கிண்ணத்தை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டுப் போனை எடுத்தான். இவனும் கோபித்துக்கொண்டு கிளம்பப் போகிறான் என்று நினைத்தேன். ஓடிப்போய், "மாப்ள, தப்பா நெனைக்காதீங்க" என்றேன்.

"இதுல என்ன மாமா இருக்கு? டிராபிக்ல லேட்டாயிருக்கும். விடுங்க" என்று சிரித்தான். நிஜமாகவே அவனுக்கு ஒன்றும் இல்லை. எவ்வளவு நல்ல பையன். எனக்குத்தான் மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் எல்லோரும் சாப்பிட்டார்கள், மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டார்கள், தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பாயாசம் யாருக்கு முதலில் போனது என்று ஒருவரும் பார்க்கவில்லை. மண்டபம் காலியான பிறகு பஞ்சவர்ணம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போனேன்.

"ஒருத்தர்கூடக் கோவிச்சுக்கிட்டுப் போகலங்க" என்றாள்.

"நல்லதுதானே?"

"நல்லதுதான்" என்றவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.